ஓமன்: எண்ணெய்க்கு அப்புறம் என்ன? (கேள்வி பதில்)

1994-இல் ஓமனுக்குப் போனேன், 2019-இல் திரும்பினேன். முதல் பதினோரு வருடம் பாலைவனத்து எண்ணெய் வயல்களில் கம்ப்ரசர், பம்ப் பராமரிப்பு. மீதி வருடங்கள் சோஹார் துறைமுகத் தொழிற்பேட்டையில், திட்டமிடல் பிரிவில். எண்ணெயை மட்டும் நம்பியிருந்த ஒரு நாடு வேறு தொழில்களில் கால் ஊன்றப் பாடுபட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, ஏஜென்ட், சம்பள பேரம் என் துறை அல்ல.

ஊர்சுற்றி: அண்ணே, ஓமனில் எண்ணெய் எப்போது கிடைத்தது? பக்கத்திலேயே துபாய் இப்படி வளர்ந்துவிட்டது, ஓமன் ஏன் அப்படி ஆகவில்லை?

பதில்: 1962-இல் யிபாலில் கிடைத்தது, 1964-இல் ஃபஹூதில். 1967 ஜூலையில் மஸ்கட் பக்கத்து மினா அல் ஃபஹலிலிருந்து முதல் ஏற்றுமதி. குவைத்தும் சவூதியும் அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே கப்பல் ஏற்றத் தொடங்கிவிட்டன. 1970-இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுக்க மூன்று பள்ளிக்கூடம், பத்து கிலோமீட்டர் தார்ச்சாலை. அதுவரை அங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனியாக அச்சடித்த ரூபாய். இன்றைக்கும் ஒரு ரியாலின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பெயர் பைசாதான்.

துபாயோடு ஒப்பிடும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966-இல், அதுவும் கொஞ்சம். 1991 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. தீரப்போவது முன்பே தெரிந்ததால் 1979-இல் ஜெபல் அலி துறைமுகம், 1985-இல் அங்கேயே வரியில்லாத் தொழில் மண்டலம் என்று அவசரமாக ஓடினார்கள். அது ஒரு நகரம். ஓமன் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டர் நாடு. மலை மடிப்புக்குள், மணலுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் ஊர்கள். முதல் முப்பது வருடத்து எண்ணெய்ப் பணம் அந்த ஊர்களுக்குச் சாலையாக, ஆஸ்பத்திரியாக, பள்ளிக்கூடமாக, கரண்டாகப் போனது. அதை வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 1970-இலிருந்து 2010 வரை மனித வளர்ச்சியில் மிக அதிகம் முன்னேறிய நாடு என்று ஐ.நா. 2010 அறிக்கையில் 135 நாடுகளில் முதலிடம் கொடுத்தது ஓமனுக்குத்தான்.

ஆனால் படித்த பிள்ளைகளுக்கு வேலை எங்கே என்ற கேள்வி 1990-களிலேயே வந்துவிட்டது. ஓமனில் மாற்றம் பற்றிய பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எண்ணெய் தீர்ந்துபோகும் பயம் இரண்டாவதுதான்.

குமரிக் கடல்: சார், இப்போது ஓமனில் வேலைக்கு வரலாமா? டிப்ளமா மெக்கானிக்கல், 2 வருட அனுபவம்.

பதில்: தம்பி, வேலை விசாவில், கையில் ஒப்பந்தத்தோடு மட்டும் போங்கள். சுற்றுலா விசாவில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தேன்கூடு: ஓமனின் பொருளாதாரத்தில் எண்ணெய் அல்லாத துறைகளின் பங்கு எழுபது சதவீதம் என்று ஒரு செய்தி படித்தேன். அப்படியென்றால் மாற்றம் நடந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவர்களும் இதைப் படித்துவிட்டு மேலே கேளுங்கள்.

சதவீதத்தை நம்பாதீர்கள், தொகையைக் கேளுங்கள். ஒரு நாட்டில் எண்ணெயிலிருந்து 60 ரூபாய், மற்றதிலிருந்து 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் அல்லாத பங்கு 40 சதவீதம். அடுத்த வருடம் எண்ணெய் விலை பாதியாகிறது. எண்ணெய் 30, மற்றது அதே 40. இப்போது எண்ணெய் அல்லாத பங்கு 57 சதவீதம். ஒரு செங்கல் கூட வைக்கவில்லை, ஒரு ஆள் கூடப் புதிதாக வேலைக்கு வரவில்லை, நாடு ஏழையாகியிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் கோடு மேலே போகிறது. 2015, 2016 அறிக்கைகளில் இதே மாதிரிக் கோடுகளைப் பார்த்தேன். அதே மாதங்களில் எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு ஒப்பந்த நிறுவனம் நான்கு மாதம் சம்பளம் தராமல் ஆட்களைக் கேம்பிலேயே உட்கார வைத்திருந்தது. அதில் என் கூட்டாளிகள் இருந்தார்கள்.

இன்னொரு விஷயம். எண்ணெய் அல்லாத துறை என்ற தலைப்பின் கீழ் என்னென்ன வருகிறது? அரசு ஊழியர் சம்பளம் வருகிறது. அரசு கட்டும் சாலையின் ஒப்பந்த வேலை வருகிறது. அந்த ஊழியர் சம்பளத்தில் வாங்கும் காரை விற்ற கடையின் லாபமும் வருகிறது. மூன்றும் எண்ணெய்ப் பணம்தான். இரண்டு கை மாறி வந்திருக்கிறது, அவ்வளவே. 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் விலை 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. அந்த வருடம் அரசின் பற்றாக்குறை 530 கோடி ரியால். எண்ணெய் சம்பந்தமே இல்லை என்று கணக்கில் எழுதியிருந்த கட்டுமானம், வாடகை வீடு, கார் விற்பனை எல்லாம் கூடவே படுத்துவிட்டன.

1995-இல் மஸ்கட்டில் மாநாடு கூட்டி விஷன் 2020 என்று ஒரு திட்டம் போட்டார்கள். பொருளாதாரத்தில் கச்சா எண்ணெயின் பங்கை 41 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறக்குவது, எரிவாயுவைப் பத்துக்கு ஏற்றுவது, ஆலைத் தொழிலை 29-க்கு ஏற்றுவது. நல்ல மனதோடு போட்ட திட்டம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். 2020 வந்தபோது எண்ணெயும் எரிவாயுவும் சேர்ந்து பொருளாதாரத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தன, அரசின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இப்போது ஓடுவது விஷன் 2040. அதிலும் சதவீத இலக்குகள் உண்டு. எண்ணெய் அல்லாத பங்கு தொண்ணூறைத் தாண்ட வேண்டுமாம். மறுபடியும் சொல்கிறேன், தொகையைக் கேளுங்கள்.

வவுனியான்: எண்ணெய் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும்?

பதில்: வருடக் கணக்கு சொல்வது தவறாகத்தான் முடியும். ஓமனில் எண்ணெய் இருக்கிறதா என்பதைவிட, எடுக்க எவ்வளவு செலவாகிறது என்பதுதான் முக்கியம். சவூதியின் பெரிய வயல்களில் எண்ணெய் சுலபமாக வருகிறது. ஓமனில் பல வயல்களில் எண்ணெய் கெட்டி, பாறை இறுக்கம். 2000 வாக்கில் நாளுக்கு 9.5 லட்சம் பீப்பாயைத் தாண்டிய உற்பத்தி 2007-இல் 7.1 லட்சம் அளவுக்கு விழுந்தது. யிபால் வயலில் பக்கவாட்டில் துளை போட்டு வேகமாக எடுத்தார்கள். அப்புறம் எண்ணெயோடு தண்ணீர் ஏறி வந்துகொண்டே இருந்தது. பம்ப் பார்த்தவன் என்பதால் இது எனக்கு ஏட்டுச் செய்தி அல்ல. ஒவ்வொரு மாதமும் தண்ணீர் அளவு கூடுவதை மீட்டரில் பார்த்தோம்.

அப்புறம் மீட்டார்கள். முகைஸ்னா வயலில் நிலத்துக்குள் நீராவியைச் செலுத்தி எண்ணெயை இளக்கினார்கள். மர்முல் வயலில் தண்ணீரில் பாலிமர் கலந்து கெட்டியாக்கித் தள்ளினார்கள். 2016-இல் உற்பத்தி பத்து லட்சம் பீப்பாயைத் தொட்டது. ஆனால் நீராவி போட எரிவாயு எரிக்க வேண்டும். எண்ணெய் எடுக்க எரிவாயு, கரண்டுக்கு எரிவாயு, குடிதண்ணீருக்கு எரிவாயு, ஆலைக்கு எரிவாயு. அமல் வயலில் கண்ணாடிக் கூடங்கள் அமைத்து வெயிலைக் குவித்து நீராவி எடுத்தது இதனால்தான்.

கணக்குப்பிள்ளை: ஐயா, நீங்களே வழி திறந்துவிட்டீர்கள். சோஹாரின் அலுமினிய ஆலை, இரும்பு ஆலை, சூரின் யூரியா ஆலை எல்லாம் மலிவான எரிவாயுவை நம்பி ஓடுபவை. அலுமினியத்துக்கு வேண்டிய தாது, பாக்சைட், ஓமனில் கிடையாது. இரும்புத் தாது பிரேசிலிலிருந்து வருகிறது. எரிவாயுவைக் கட்டியாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். இதைப் பல தொழில் வளர்ச்சி என்று எப்படி ஏற்பது?

பதில்: இன்றைக்கு வந்த கேள்விகளில் நல்ல கேள்வி இது. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு டன் அலுமினியம் உருக்க 14, 15 ஆயிரம் யூனிட் கரண்ட் வேண்டும். சோஹார் ஆலை 2008-இல் தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 3.75 லட்சம் டன். அதற்கென்றே ஆயிரம் மெகாவாட் எரிவாயு மின்நிலையம் பக்கத்தில். ஆகவே நீங்கள் சொல்வதுபோல் அது உறைந்த கரண்ட்தான். யூரியாவும் அப்படியே. சூரில் இருக்கும் ஓமன் இந்தியா உர நிறுவனத்தில் பாதிப் பங்கு ஓமன் அரசுடையது, மீதிப் பாதி நம் நாட்டு உரக் கூட்டுறவு நிறுவனங்களான இஃப்கோவும் கிரிப்கோவும். ஆண்டுக்கு 16.5 லட்சம் டன் யூரியா. 2005-இல் தொடங்கியபோது நீண்ட கால ஒப்பந்தப்படி எல்லாம் இந்தியாவுக்கே வந்தது. எரிவாயுவை நெல் வயலில் தூவினோம் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒத்துக்கொள்ளாத பாதி இது. திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலில் ஏற்றினால் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அலுமினியமாக்கினால் பக்கத்தில் தகடு உருட்டும் ஆலை வருகிறது, கேபிள் ஆலைக்குக் கம்பி போகிறது, கிரேன் பழுது பார்க்கும் பட்டறை வருகிறது, துறைமுகத்தில் கப்பல் வரத்து கூடுகிறது. ராட்டர்டாம் துறைமுகத்தோடு கூட்டுச் சேர்ந்து 2002-இல் சோஹார் துறைமுகத்தைத் தொடங்கியபோது அந்த இடம் வெறும் கடற்கரை. ஹார்முஸ் ஜலசந்திக்கு வெளியே இருக்கிறது, பெரிய கப்பல் நேராக வரலாம் என்பது மட்டும்தான் முதலீடு. அதன் மேல் கட்டியதெல்லாம் மலிவு எரிவாயுவால் வந்தது, உண்மை. ஆனால் வந்த பிறகு அங்கேயே வேர் பிடித்தவை உண்டு.

கணக்குப்பிள்ளை: வேர் பிடித்ததா என்பதற்குச் சோதனை ஒன்றுதான். எரிவாயுவை உலகச் சந்தை விலைக்குக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை ஆலை நிற்கும்?

பதில்: அந்தச் சோதனையில் பாதி நடந்துவிட்டது. 1990-களின் கடைசியில் எரிவாயு நிறைய இருக்கிறது என்று நம்பி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்கள். கல்ஹாத்தில் திரவமாக்கும் ஆலை, அலுமினியம், உரம், இரும்பு. சில வருடத்தில் எரிவாயு போதவில்லை. எரிவாயு ஏற்றுமதி செய்யும் நாடு 2008-இலிருந்து டால்ஃபின் குழாய் வழியாகக் கத்தாரிலிருந்து எரிவாயு வாங்கியது! புதிய ஆலைகளுக்கு இல்லை என்று கை விரித்தார்கள். 2015-இல் ஆலைகளுக்கு எரிவாயு விலையை இரண்டு மடங்காக்கினார்கள். சிமெண்ட் ஆலைகளின் லாபம் அடி வாங்கியது. ஆனாலும் பெரிய ஆலைகள் ஓடின. 2017-இல் கஸ்ஸான் எரிவாயு வயல் உற்பத்திக்கு வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

உலக விலை முழுவதையும் கேட்டால் அலுமினியம் தடுமாறும். அதை மறைக்கவில்லை. ஆனால் எரிவாயு விலை ஏறியதும் ஆலைக்காரர்கள் வெப்பத்தை வீணாக்காமல் பிடிக்கவும், பழுதைக் குறைக்கவும், உள்ளூர்ப் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கவும் தொடங்கினார்கள். அதுவரை ஒரு பம்ப் ஷாஃப்ட் தேய்ந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பி ஆறு வாரம் காத்திருப்போம். அப்புறம் சோஹாருக்குப் பக்கத்து லிவாவில் ஒரு பட்டறையில் நான்கு நாளில் முடிந்தது.

பாலைவனத்து மல்லிகை: என் கணவர் துக்மில் வேலை செய்கிறார். பெரிய சாலை, பெரிய ஹோட்டல், ஆள் நடமாட்டம் இல்லை என்கிறார். கணக்குப்பிள்ளை சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது.

பதில்: அம்மா, உங்கள் கணவர் கண்ணால் பார்த்ததை நான் மறுக்க மாட்டேன். துக்ம் மஸ்கட்டிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மீனவக் குடியிருப்பாக இருந்த இடம். அங்கே இரண்டாயிரம் சதுர கிலோமீட்டரை 2011-இல் பொருளாதார மண்டலமாக அறிவித்தார்கள். முதலில் கப்பல் பழுது பார்க்கும் தளம் வந்தது. நாளுக்கு 2.3 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையைக் குவைத்தோடு சேர்ந்து கட்டி 2024-இல் முறைப்படி திறந்தார்கள். அதுவும் எண்ணெய்தான் என்று கணக்குப்பிள்ளை சொல்வார், சொல்லட்டும். சோஹாரை 2004-இல் பார்த்திருந்தால் நீங்களும் ஆள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் சோஹாருக்குப் பக்கத்தில் பாத்தினாக் கரையில் லட்சக்கணக்கான ஜனம் இருந்தது. துக்முக்கு அது இல்லை. என் கவலை அதில்தான்.

மதுரைக்காரன் 77: சார், எலக்ட்ரீசியன் வேலைக்கு ஓமனில் இப்போது எடுக்கிறார்களா?

பதில்: மேலே குமரிக் கடல் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செங்கடல்: ஓமனைசேஷன், அதாவது வேலையெல்லாம் ஓமானியருக்கே என்று சொல்லி நம் ஆட்களை விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாற்பது வருடம் அந்த நாட்டைக் கட்டியவர்கள் நாம். அவர்களுக்கு வேலை செய்யத் தெரியாது, விருப்பமும் இல்லை. இதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை?

பதில்: இப்போது பேசுகிறேன், நண்பரே. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மரியாதை கொடுக்கிறேன். 2018 ஜனவரியில் 87 வகை வேலைகளுக்குப் புது விசாவை நிறுத்தியபோது என் பக்கத்து அறைக்காரர் குடும்பத்தோடு மூட்டை கட்டினார். 2014-இலிருந்து, பழைய முதலாளி ஆட்சேபம் இல்லை என்று கடிதம் (என்.ஓ.சி.) தராவிட்டால் இரண்டு வருடம் நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டுத்தான் வேறு வேலைக்கு வர முடியும் என்ற விதி இருந்தது. எத்தனையோ பேருடைய கழுத்தை அது நெரித்தது. 2021 ஜனவரியில் அதை எடுத்தார்கள். எடுத்தது நியாயம், இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பாதியை ஏற்கவே மாட்டேன். வேலை செய்யத் தெரியாது என்கிறீர்கள். நான் 2006-இல் சோஹாரில் இருபது ஓமானிப் பையன்களுக்குப் பம்ப் அலைன்மென்ட் சொல்லிக் கொடுத்தேன். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மூன்று மாதம் திணறினார்கள், நானும் 1994-இல் திணறினேன். இரண்டு வருடத்தில் இரவு ஷிஃப்டை அவர்களே பார்த்தார்கள். அலுமினிய ஆலையில் ஆயிரம் பேரை ஒட்டி வேலை செய்கிறார்கள், பெரும்பாலானவர்கள் ஓமானியர். உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? அந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் நிற்கிறவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

விஷயம் மனசு அல்ல, சம்பளம். தனியார் துறையில் ஓமானிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இலிருந்து 325 ரியால். நமக்கு அந்த நாட்டுச் சட்டத்தில் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது. கடைக்காரர் அதில் பாதிக்கும் குறைவாக நம் ஊர்ப் பையனை வைத்துக்கொள்ள முடியும். அவன் ஆறு பேரோடு அறையில் படுத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, கேட்ட நேரத்துக்கெல்லாம் வேலை பார்ப்பான். விசா முதலாளி கையில் இருப்பதால் எதிர்த்தும் பேச மாட்டான். ஓமானிப் பையனுக்குக் குடும்பம் அங்கேயே. வாடகை, கல்யாணம், கார் கடன் எல்லாம் அங்கத்து விலையில். இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு ஒருவனைச் சோம்பேறி என்கிறோம். தனியார் துறையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டவர் இருப்பதற்குக் காரணம் இதுதான். எண்ணெய்ப் பணத்தில் அரசு நல்ல சம்பளம் கொடுக்கிறது, எல்லோரும் அதற்குக் காத்திருக்கிறார்கள், மற்ற வேலைகள் மலிவுச் சம்பளத்தில் வெளியாட்களிடம் போய்விடுகின்றன. அப்படியே முப்பது வருடம் ஓடினால் எந்த ஆலை கட்டினாலும் அது அந்த ஊர்க்காரருக்குச் சொந்தமாகாது.

2011 பிப்ரவரியில் சோஹார் குளோப் ரவுண்டானாவில் கூட்டம் கூடிய நாட்களில் நான் அந்த ஊரில் இருந்தேன். வேலை கொடு என்பதுதான் முதல் கோஷம். அரசு 50,000 வேலை அறிவித்தது, வேலை தேடுவோருக்கு மாதம் 150 ரியால் உதவித்தொகை அறிவித்தது. 2021 மே மாதம் அதே சோஹாரில் அதே கோஷத்தோடு மறுபடி வந்தார்கள்.

செங்கடல்: நீங்கள் அவர்கள் பக்கம் பேசுகிறீர்கள். இருபது வருடம் உழைத்த என் அண்ணனை ஒரு மாத நோட்டீஸில் அனுப்பினார்கள்.

பதில்: உங்கள் அண்ணனுக்கு நடந்தது அநியாயம். அதை நான் நியாயப்படுத்தவில்லை, படுத்தவும் மாட்டேன். இருபது வருடம் வேலை செய்தவருக்கு அந்த நாட்டில் தங்க உரிமை இல்லாத அமைப்பைத்தான் நான் குறை சொல்கிறேன். அவரை மலிவாக வைத்திருந்ததும், ஓமானிப் பையனை வெளியே நிறுத்தியதும் ஒரே அமைப்பு. உங்கள் அண்ணனும் அந்தப் பையனும் எதிரிகள் அல்ல. கிராஜுவிட்டிக் கணக்கைச் சரி பார்த்தாரா என்று கேளுங்கள். 2023 தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம்.

கணக்குப்பிள்ளை: இதைத்தான் ஐயா நானும் சொல்ல வருகிறேன். ஆலைகளால் வேலை வராது. 375 ஆயிரம் டன்னுக்கு ஆயிரம் பேர்!

பதில்: இதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பெரிய ஆலை நாட்டுக்கு ஏற்றுமதிப் பணம் தரும், வேலை கொஞ்சம்தான் தரும். வேலை தருவது பட்டறை, மீன் பதனிடும் கூடம், லாரிப் போக்குவரத்து, ஹோட்டல், கிளினிக். அங்கேதான் மலிவுச் சம்பளப் போட்டியும். ஆகவே ஆலையா, சம்பள அமைப்பா என்றால் இரண்டாவதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும் என்று இன்று மாலை உங்களோடு பேசிய பிறகு சொல்கிறேன்.

நெய்தல்: ஓமனில் வருமான வரி வரப்போகிறதாமே? வளைகுடாவில் வரியே இல்லை என்றுதானே போகிறோம்?

பதில்: 2028 ஜனவரியிலிருந்து. ஆண்டு வருமானம் 42,000 ரியாலைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 5 சதவீதம். வளைகுடா நாடுகளில் இதுதான் முதல். கேட்கிற யாருக்கும் பொருந்தாத தொகை, பயப்பட வேண்டாம். 2021 ஏப்ரலில் வந்த 5 சதவீத மதிப்புக்கூட்டு வரிதான் சாதாரண ஜனத்தைத் தொட்டது. 2020-இல் நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதமாகிவிட்டது. புதிய சுல்தான் ஹைதம் வந்த வருடம் அது. செலவைக் குறைத்தார்கள், மானியங்களை வெட்டினார்கள். 2022-இல் எண்ணெய் விலை ஏறியபோது வந்த பணத்தை மறுபடி செலவழிக்காமல் கடனை அடைத்தார்கள். இப்போது 35 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. எனக்கு இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் மேல் பெரிய மதிப்பு.

பொறியாளன்: பசுமை ஹைட்ரஜன்தான் அடுத்த எண்ணெய் என்கிறார்களே?

பதில்: வெயிலும் காற்றும் ஏராளம், நிலமும் உண்டு. 2022-இல் ஹைட்ரோம் என்ற நிறுவனம் அமைத்து நிலம் ஒதுக்குகிறார்கள். 2030-க்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் இலக்கு. நான் கேட்பது ஒன்றுதான்: வாங்குகிறவர் யார்? கல்ஹாத் ஆலை கட்டும்போது மகாராஷ்டிராவின் தாபோல் மின்நிலையம் ஆண்டுக்கு 16 லட்சம் டன் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டது. 2001-இல் தாபோல் மூடியது, அதன் அமெரிக்க முதலாளி என்ரான் திவாலானது, ஒப்பந்தம் காகிதத்தோடு போயிற்று. கொரியா கைகொடுத்ததால் கல்ஹாத் பிழைத்தது.

ஊர்சுற்றி: சலாலா மழைக்காலம் அழகாமே, எப்போது போகலாம்?

பதில்: ஜூலை, ஆகஸ்ட். கரீஃப் சாரலில் மலை முழுக்கப் பச்சை.

அக்னிக்குஞ்சு: சார் ஓமனில் வெல்டர் வேலை...

பதில்: மூன்றாவது முறை இது. தயவுசெய்து மேலே படியுங்கள். ஏஜென்ட் பணம் கேட்டால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரூபாய் தராதீர்கள்.

கீழக்கரை: எண்ணெய்க்கு முன்னால் அந்த ஜனம் எதை வைத்துப் பிழைத்தது?

பதில்: மனதுக்குப் பிடித்த கேள்வி. மலையடியில் ஃபலஜ் என்ற நீர்க்கால்வாய் வெட்டி, நிலத்தடி ஊற்றைச் சரிவில் மோட்டார் இல்லாமல் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். தண்ணீரை நேரப் பங்காகப் பிரித்துக்கொள்வார்கள், நம் ஏரிப் பாசன முறைத் தண்ணீர் போலவே. ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸை நான் பார்த்திருக்கிறேன், இன்னும் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் பேரீச்சை. மப்ஸலி என்ற ரகத்தைப் பழுக்கும் முன்பே பறித்து, கொப்பரையில் வேகவைத்து, காயவைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சூரில் மரக்கலம் கட்டினார்கள். தோஃபாரில் சாம்பிராணி. சோஹாருக்குப் பின்னால் மலையில் செம்பு. நாலாயிரம் வருடம் முன்பே மெசபடோமியாவுக்குப் போனது. ஆகவே பல தொழில் என்பது ஓமனுக்குப் புதிது அல்ல.

கணக்குப்பிள்ளை: கடைசியாக ஒன்று ஐயா. சதவீதத்தை நம்ப வேண்டாம் என்றீர்கள். அப்படியென்றால் எதைப் பார்த்து மாற்றம் வந்தது என்று தெரிந்துகொள்வது?

பதில்: நான் இரண்டைப் பார்க்கிறேன். எண்ணெய் விலை விழும் வருடத்தில் எத்தனை தனியார் வேலை தாக்குப் பிடிக்கிறது என்பது ஒன்று. அரசு ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லாத நிறுவனத்தில் எத்தனை ஓமானியர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது மற்றொன்று.

நான் சொல்லிக் கொடுத்த இருபது பேரில் ஒருவன் ஆலை வேலையை விட்டுவிட்டு லிவாவில் பட்டறை வைத்தான். மேலே சொன்ன பம்ப் ஷாஃப்ட் பட்டறை அதுதான். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், ஐந்து பேர் ஓமானியர், இரண்டு பேர் நம் ஊர்க்காரர். போன மாதம் பேசினான். வருகிற வேலையில் பாதி இப்போது துறைமுகத்து மாவு மில், சர்க்கரை ஆலை, மீன்பிடிப் படகு என்ஜின் என்றான். மீதிப் பாதி இன்னும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்துதான் வருகிறது.